நான் பேசினால் மட்டும் அவருக்குக் கேட்பதில்லை

திருப்பூர் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவருக்கு வயது 57, கணவருக்கு 63. கணவர் ஒரு பஞ்சாலையின் தறிக் கூடத்தில் 28 ஆண்டுகள் வேலை பார்த்து 58 வயதில் ஓய்வு பெற்றவர். மகள் பெங்களூரில், மகன் துபாயில். வீட்டில் இவர்கள் இருவர் மட்டும்தான். அடையாளம் தெரிய வேண்டாம் என்று கேட்டிருப்பதால் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

“கூப்பிட்டால் திரும்ப மாட்டார். தோளைத் தொட்டால் தூக்கிவாரிப் போட்டு எரிந்து விழுவார். கொஞ்சம் சத்தமாகச் சொன்னால், ‘ஏன் இப்படிக் கத்தற, நான் என்ன செவிடா?’ என்பார். ஆனால் பக்கத்து வீட்டு அண்ணன் திண்ணையில் உட்கார்ந்து பேசினால் எல்லாம் கேட்கிறது. நான் பேசினால் மட்டும் கேட்பதில்லை. அப்படியென்றால் என் பேச்சு அவருக்கு வேண்டாம் என்றுதானே அர்த்தம்?” என்று கேட்கிறார் அவர்.

ஒரு சம்பவத்தையும் எழுதியிருக்கிறார். ஒரு நாள் சாயங்காலம் முழங்கால் வலி தாங்காமல் அடுப்படியிலிருந்து, “ஏனுங்க, கால் ரொம்ப வலிக்குதுங்க” என்றிருக்கிறார். கணவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய், பத்து நிமிடத்தில் ஒரு பால் பாக்கெட்டோடு வந்து மேடையில் வைத்துவிட்டு டிவி பார்க்கப் போய்விட்டார். அன்று இரவு முழுக்க அழுததாக எழுதியிருக்கிறார்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு விளம்பரத்தைப் பார்த்து 4,000 ரூபாய்க்கு வாங்கிய காது மெஷின் மூன்றாம் நாளே பீரோவுக்குள் போய்விட்டது. அதிலிருந்து போனில் பேசுவது, பேங்கில் கேட்பது, டாக்டர் சொல்வதைத் திருப்பிச் சொல்வது எல்லாமே இவர்தான். பேசிப் பேசித் தொண்டை கட்டிப்போய் மாதக்கணக்கில் குரல் கரகரவென்றே இருக்கிறதாம். “முன்னெல்லாம் லைட்டை அணைத்துவிட்டுப் படுத்தபடி அரை மணி நேரம் பேசிக்கொண்டிருப்போம். அது போய் நாலு வருடம் ஆகிறது. காது சரியாகுமா? வேண்டுமென்றே இப்படிச் செய்கிறாரா? காதை விட்டால் மறதி நோய் வந்துவிடும் என்று மகன் பயமுறுத்துகிறான், உண்மையா? கொஞ்ச காலம் மகள் வீட்டுக்குப் போய் இருந்துவிடலாம் என்று தோன்றுகிறது. இப்படி நினைப்பதே பாவமா?” என்று முடிகிறது கடிதம்.

அம்மா, உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். இது பாவம் இல்லை. காது கேளாதவரோடு வாழ்கிறவருக்கு ஏற்படும் களைப்பும் தனிமையும் மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட ஒன்று. ஒருவரின் உடல்நலக் குறை அவரோடு வாழ்கிறவரையும் முடக்கிப்போடலாம் என்பதை உலக சுகாதார நிறுவனம் 2001இல் வெளியிட்ட வகைப்பாடு பேசுகிறது. ‘மூன்றாம் நபர் இயலாமை’ என்று அதற்குப் பெயரும் உண்டு. கேட்கும் திறன் குறைந்தவர் உங்கள் கணவர்தான். ஆனால் அன்றாடப் பேச்சை இழந்தவர்கள் நீங்கள் இரண்டு பேரும். செவித்திறன் நிபுணராக என்னிடம் வருகிற தம்பதிகளில் கூட வந்தவர்தான் அதிகம் உடைந்துபோயிருப்பார். அவரிடம் ‘உங்களுக்கு எப்படி இருக்கிறது’ என்று அதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அண்ணன் பேச்சு கேட்கிறது, உங்கள் பேச்சு ஏன் கேட்கவில்லை?

நீங்கள் மிகவும் நொந்துபோயிருப்பது இதில்தான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நாடாத் தறி ஓடும் கூடத்தில் சத்தம் 95 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். நம் நாட்டின் தொழிற்சாலை விதிகளின்படி 90 டெசிபல் சத்தத்தில் ஒருவர் நாளொன்றுக்கு 8 மணி நேரம் இருக்கலாம். 100 டெசிபல் என்றால் 2 மணி நேரம்தான். உங்கள் கணவர் அந்தச் சத்தத்துக்குள் ஷிப்டு ஷிப்டாக 28 வருடம் நின்றிருக்கிறார். உள்காதில் ஒலியை உணரும் மயிரிழைச் செல்கள் பிறக்கும்போதே சுமார் 15,000தான். அவை செத்தால் திரும்ப முளைப்பதில்லை. பெருஞ்சத்தம் முதலில் அடிப்பது 4,000 ஹெர்ட்ஸ் அருகிலுள்ள கீச்சுச் சுருதிகளை உணரும் செல்களைத்தான். வயதால் வரும் கேள்விக் குறைவும் மேல் சுருதியில்தான் தொடங்கும். மில்லை விட்ட பிறகு சத்தத்தால் வரும் சேதம் நின்றிருக்கும், ஆனால் வயது அதன் மேல் ஏறிக்கொண்டிருக்கிறது. ‘வேலையில் இருந்தபோது இவ்வளவு மோசமில்லை, ரிட்டயர் ஆன பிறகுதான் இப்படி’ என்று நீங்கள் எழுதியிருப்பதற்கு இதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

இப்போது பேச்சுக்கு வருவோம். ஆண் குரல் கனமானது, அதன் பலம் கீழ்ச் சுருதியில் இருக்கிறது. பெண் குரலும் குழந்தைக் குரலும் மேலே இருக்கின்றன. பக்கத்து வீட்டு அண்ணன் எதிரே உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து, டிவி சத்தம் இல்லாத திண்ணையில் பேசுகிறார். நீங்களோ அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு, குழாய்த் தண்ணீருக்கும் மிக்ஸிக்கும் நடுவில் ஒரு சுவருக்கு அப்பாலிருந்து பேசுகிறீர்கள். இரண்டு பேச்சும் அவருக்கு ஒன்றல்ல. அதில் அன்போ அலட்சியமோ வருவதற்கே இடமில்லை.

அந்தப் பால் பாக்கெட்டும் அப்படி வந்ததுதான். சொல்லில் உயிரெழுத்துகள்தான் பலமாக ஒலிக்கும், மெய்யெழுத்துகள் பல சன்னமானவை. ‘கால்’ என்றாலும் ‘பால்’ என்றாலும் அவர் காதில் விழுவது நடுவில் இருக்கும் ‘ஆ’. முதல் எழுத்தை மூளை ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். சாயங்கால நேரம், மனைவி அடுப்படியில் நிற்கிறாள், பால்தான் கேட்டிருப்பாள் என்று ஊகித்திருக்கிறார். மறு பேச்சில்லாமல் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பியதையும் கொஞ்சம் பாருங்கள் அம்மா. நீங்கள் கேட்டதாக நினைத்ததை உடனே செய்திருக்கிறார். உங்கள் வலி அவருக்கு எட்டவில்லை என்பது உண்மை. அதை அவர் தள்ளிவிட்டார் என்பது உண்மையாக இருக்க முடியாது.

மெல்லப் பேசினால் கேட்பதில்லை, கொஞ்சம் கூட்டினால் ‘ஏன் கத்தற’ என்கிறாரே, அதுவும் இந்தக் குறையோடு சேர்ந்து வருவதுதான். உள்காது பழுதானவர்களுக்குச் சன்னமான சத்தம் கேட்கவே கேட்காது. சத்தம் ஓரளவு ஏறியதும் திடீரென்று காதைக் குத்தும். மற்றவர்களுக்கு இந்த இரண்டுக்கும் நடுவில் பெரிய இடைவெளி இருக்கும், அவருக்கு அது சுருங்கிவிட்டது. அதோடு, கத்தும்போது நம் முகம் கோபமாகத்தான் தெரியும். உதட்டையும் முகத்தையும் பார்த்துப் பேச்சைப் பிடிக்கிறவர் அந்தக் கோபத்தைத்தான் முதலில் படிக்கிறார். பிறகு எரிந்து விழுகிறார்.

எங்கள் பரிசோதனை அறையில், ஹெட்போன் மாட்டிச் செய்யும் டெஸ்ட் முடிந்த பிறகு ஒலிபெருக்கி வழியாகவும் சில சத்தங்களைக் கொடுப்பது உண்டு. அப்போது கூட வந்தவரையும் உள்ளேயே ஓரமாக உட்காரச் சொல்வேன். கீச்சென்ற ஒரு சத்தம் 40 டெசிபலில் வரும். மனைவிக்கு அது தெளிவாகக் கேட்கும். கணவர் கையிலிருக்கும் பொத்தானை அமுக்க மாட்டார். சத்தத்தைக் கூட்டுவேன், இன்னும் கூட்டுவேன். அவர் புருவத்தைச் சுருக்கி, தலையைச் சாய்த்து, இப்போது வரும், இப்போது வரும் என்று காத்துக்கொண்டே இருப்பார். இவர் நடிக்கவில்லை என்று மனைவி தன் கண்ணால் பார்க்கிற நேரம் அது. எத்தனை விளக்கம் சொன்னாலும் அதற்கு ஈடாகாது. டெஸ்டுக்குப் போகும்போது, நானும் உள்ளே உட்காரலாமா என்று கேளுங்கள். முடிந்தால் உங்கள் காதுக்கும் அன்றே ஒரு டெஸ்ட் எடுத்துவிடுங்கள். 57 வயதில் அதுவும் தேவைதான்.

அவர் பக்கம்

உங்கள் கடிதத்தில் இரண்டு வரிகளைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். ‘இப்போதெல்லாம் டீக்கடைக்கும் போவதில்லை’ என்று ஒன்று. ‘கல்யாண வீட்டில் எல்லோருக்கும் சிரித்துத் தலையாட்டிவிட்டு முதல் பந்தியிலேயே சாப்பிட்டுக் கிளம்பிவிடுகிறார்’ என்று இன்னொன்று. இதைப் படித்தபோது எனக்கு அவர் மேல் மிகுந்த கவலை வந்தது. கேட்காததைக் கேட்டதாகக் காட்டிக்கொள்வது நாள் முழுக்க மூளையைப் பிழியும் வேலை. எங்கே தப்பாகப் பதில் சொல்லிவிடுவோமோ, நாலு பேர் சிரித்துவிடுவார்களோ என்ற பயத்தோடு ஒருவர் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது உங்கள் பேச்சைப் பிடிக்க அவரிடம் தெம்பு மிச்சம் இருக்காது. டிவிக்கு அவர் பதில் சொல்ல வேண்டியதில்லை, அதனால்தான் அதன் முன்னால் உட்காருகிறார். நண்பர்களை விட்டு ஒதுங்குவதும், தொட்டதற்கெல்லாம் எரிச்சலும் மனச்சோர்வின் அடையாளமாகவும் இருக்கலாம். அதோடு தூக்கம், பசி குறைந்திருந்தாலோ, ‘இருந்து என்ன பிரயோஜனம்’ என்கிற மாதிரிப் பேசினாலோ, காது டாக்டரோடு மனநல மருத்துவரையும் தள்ளிப்போடாமல் பாருங்கள்.

பீரோவுக்குள் போன மெஷின்

‘ஏற்கனவே மெஷின் வாங்கிப் பார்த்தாச்சு, அவருக்கு ஒத்துவரவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் வாங்கியது பெரும்பாலும் எல்லாச் சத்தத்தையும் ஒரே மாதிரி கூட்டிக் கொடுக்கும் வெறும் ஒலிபெருக்கி. அவருக்குக் கீழ்ச் சுருதி ஏற்கனவே ஓரளவு நன்றாகக் கேட்கிறது. அதையும் சேர்த்துக் கூட்டினால் பாத்திரச் சத்தமும் பஸ் சத்தமும் மண்டையை இடிக்கும், பேச்சு பழையபடியே மங்கலாக இருக்கும். கூய் என்று விசிலடித்தது என்றும் எழுதியிருக்கிறீர்கள். காதுத் துளைக்குச் சரியாகப் பொருந்தாத மெஷினிலிருந்து சத்தம் கசிந்து மறுபடி மைக்குக்குள் போனால் அப்படித்தான் கத்தும்.

முறையான மெஷின் என்பது ஆடியோகிராம் (எந்தச் சுருதி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடம்) எடுத்து, எந்தச் சுருதி எவ்வளவு குறைந்திருக்கிறதோ அதற்கு ஏற்றபடி கம்ப்யூட்டரில் செட் பண்ணித் தருவது. அப்படிச் செட் பண்ணிய மெஷினும் மூக்குக் கண்ணாடி மாதிரி போட்ட உடனே தெளிந்துவிடாது. வருடக்கணக்கில் கேட்காத சத்தங்களை மூளை மறுபடி பழக வேண்டும். முதல் வாரத்தில் மின்விசிறிச் சத்தமும் பேப்பர் சரசரப்பும்கூடத் தொந்தரவாக இருக்கும். அமைதியான அறையில் ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் என்று தொடங்கி மெல்ல மெல்லக் கூட்ட வேண்டும். ஒன்றிரண்டு மாதத்துக்குள் குறைந்தது இரண்டு மூன்று தடவை நிபுணரிடம் போய் செட்டிங்கை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். ‘போட்டேன், சரிவரவில்லை’ என்று கைவிடுகிறவர்களில் பலர் இந்த மறு வருகைகளுக்குப் போகாதவர்கள்தான்.

விலை ஒரு காதுக்குச் சுமார் 15,000 ரூபாயில் தொடங்கி லட்சத்தைத் தாண்டும். விலை கூடினால் கூட்டத்துக்கு நடுவில் பேச்சைப் பிரித்துக் கொடுப்பது, போனோடு ப்ளூடூத்தில் இணைவது போன்ற வசதிகள் கூடும். வீட்டில் இருவர் மட்டும் இருக்கும்போது நடுத்தர விலை மெஷினே போதும் என்பது என் அபிப்பிராயம். இரண்டு காதிலும் குறை இருந்தால், ஒரு காதுக்கு விலை உயர்ந்ததை வாங்குவதைவிட இரண்டு காதுக்கும் நடுத்தர விலையில் வாங்குவது நல்லது. மெஷின் கொடுப்பவர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். சில நாள் போட்டுப் பார்த்த பிறகு வாங்கலாமா என்றும் கேளுங்கள். தயங்காமல் கேட்கலாம், நல்ல இடங்களில் ஒத்துக்கொள்வார்கள்.

அதற்கு முன்னால் ஈஎன்டி டாக்டர் காதைப் பார்த்தாக வேண்டும். அழுக்கு அடைத்திருந்தாலும், சீழ் வடிந்து சவ்வில் ஓட்டை விழுந்திருந்தாலும் சிகிச்சை வேறு. சர்க்கரை நோய் இருந்தால் அதையும், முன்பு காசநோய்க்கோ கடுமையான தொற்றுக்கோ ஊசி போட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். சில மருந்துகள் உள்காதைப் பாதிக்கும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: உங்களுக்கோ அவருக்கோ என்றைக்காவது திடீரென்று, ஒரே நாளில் அல்லது இரண்டு மூன்று நாளில் ஒரு காது அடைத்துப் போனால் அது அவசரம். சளி என்று நினைத்து உட்கார்ந்துவிடக் கூடாது. முதல் இரண்டு வாரத்துக்குள் ஸ்டீராய்டு சிகிச்சை தொடங்கினால்தான் மீள வாய்ப்பு அதிகம்.

நீங்கள் அவருக்குக் காதாக இருப்பது

உங்கள் மனம் கொஞ்சம் சங்கடப்படலாம், ஆனாலும் சொல்ல வேண்டும். போனை எடுப்பது நீங்கள், டாக்டரிடம் பேசுவது நீங்கள், பேரக்குழந்தை சொன்னதைத் திருப்பிச் சொல்வதும் நீங்கள். அவருடைய குறையின் விலையை நாள்தோறும் நீங்களே கட்டிவிடுவதால், அது எவ்வளவு பெரிய குறை என்பது அவருக்குத் தெரியாமலே இருக்கிறது. ‘எனக்கு நன்றாகத்தான் கேட்கிறது’ என்று அவர் சொல்வது பொய்யில்லை. உங்கள் தொண்டை வழியாக அவருக்கு எல்லாம் கேட்டுவிடுகிறது. இது நீங்கள் அன்பால் செய்தது. ஆனால் இது நிற்காதவரை அவர் டெஸ்டுக்குக் கிளம்புவது கஷ்டம்.

அதற்காகத் திடீரென்று வாயை மூடிக்கொள்ளச் சொல்லவில்லை. அது தண்டனையாகப் போய்விடும், அவர் இன்னும் ஒதுங்குவார். சண்டை இல்லாத ஒரு நேரத்தில், எதிரே உட்கார்ந்து, தெளிவாகச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்: “இனிமே பேங்க்ல உங்களுக்குப் பதிலா நான் பேச மாட்டேனுங்க. கூட வர்றேன், பக்கத்துல நிக்கறேன். கேக்கலேன்னா, காது சரியா கேக்கல, எழுதிக் காட்டுங்கன்னு நீங்களே சொல்லுங்க.” முதலில் ஒரே ஒரு வேலையை மட்டும் இப்படி விடுங்கள். மருந்து விஷயத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். எந்த மாத்திரை எப்போது என்பதில் தவறாகக் கேட்டால் ஆபத்து, அதை டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

டெஸ்டுக்கு எப்படி அழைத்துப் போவது என்பதற்கு உங்கள் கடிதத்திலேயே வழி இருக்கிறது. குரல் மாதக்கணக்கில் கரகரப்பாக இருக்கிறது என்கிறீர்கள். மூன்று வாரத்துக்கு மேல் குரல் கட்டியிருந்தாலே ஈஎன்டி டாக்டரிடம் காட்ட வேண்டும். வருடக்கணக்கில் உரத்துப் பேசுகிறவர்களுக்குக் குரல்நாண்களில் சிறு முடிச்சுகள் வரலாம், வேறு காரணங்களும் இருக்கலாம், கருவி விட்டுப் பார்த்தால்தான் தெரியும். இதை நீங்கள் இவ்வளவு நாள் காட்டாமல் இருந்தது எனக்கு வருத்தமாக இருக்கிறது. உங்கள் தொண்டையும் அவர் காதும் ஒரே டாக்டரிடம்தான் போக வேண்டும். “என் தொண்டைக்குக் காட்டணும், உங்க காதையும் அப்படியே பாத்துட்டு வந்துரலாம்” என்று மறைக்காமல் சொல்லுங்கள். ‘உங்களால்தான் என் தொண்டை போச்சு’ என்று மட்டும் சொல்ல வேண்டாம். டாக்டர் காரணத்தைச் சொல்லும்போது அவர் பக்கத்தில் இருந்தால் போதும்.

மெஷின் வரும்வரை, வந்த பிறகும்

பேச்சைத் தொடங்கும் முன் பெயரையோ ‘ஏனுங்க’ என்பதையோ சொல்லி, அவர் உங்கள் முகத்தைப் பார்க்கும்வரை காத்திருங்கள். ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் பேசுவதை இரண்டு பேருமே விட்டுவிடுங்கள். வெளிச்சம் உங்கள் முகத்தில் விழ வேண்டும், ஜன்னல் உங்களுக்குப் பின்னால் இருந்தால் முகம் இருட்டாகத்தான் தெரியும். ஒரு தடவை சொன்னது புரியவில்லை என்றால் அதே சொல்லை இன்னும் சத்தமாகத் திருப்பாதீர்கள், சொல்லை மாற்றுங்கள். ‘கால் வலிக்குதுங்க’ விழவில்லை என்றால், ‘முழங்கால்ல வலி, நடக்க முடியல’ என்று முழங்காலைத் தொட்டுக் காட்டிச் சொல்லுங்கள். ‘ஒண்ணுமில்ல, விடுங்க’ என்று மட்டும் முடித்துவிடாதீர்கள். காது கேளாதவர்களை அதிகம் காயப்படுத்துவது அந்த இரண்டு சொற்கள்தான் என்று என்னிடம் வருகிற பலர் சொல்லியிருக்கிறார்கள்.

அவருக்கும் பொறுப்பு உண்டு. சரியாகக் கேட்காவிட்டால் ‘ம்’ போடக் கூடாது. ‘என்ன?’ என்று மொட்டையாகக் கேட்காமல், கேட்டவரையில் திருப்பிச் சொல்லி, ‘பால்னு கேட்டுச்சு, சரியா?’ என்று கேட்கப் பழக வேண்டும். இது ஒன்று பழகிவிட்டாலே வீட்டில் பாதிச் சண்டை குறையும்.

டிவிக்கு ஒரு ப்ளூடூத் ஹெட்போன் வாங்கிக் கொடுங்கள், உங்கள் காதும் தப்பிக்கும். பேச்சைத் தமிழிலேயே எழுத்தாக்கிக் காட்டும் செயலிகள் ஆண்ட்ராய்டு போனில் இலவசமாகவே இருக்கின்றன. டாக்டரிடம் போகும்போது மேசையில் வைத்தால் உதவும். பிழைகள் வரும், ஆனாலும் பயன்படும். அவர் டிவிஎஸ் எக்ஸ்எல் ஓட்டுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு பக்கமும் கண்ணாடி கட்டாயம் வேண்டும். டெஸ்ட் முடியும்வரை அவிநாசி ரோடு மாதிரி இடங்களைத் தவிர்ப்பது நல்லது.

இரவுப் பேச்சைப் பற்றி எழுதியிருந்தீர்கள். இருட்டில் உதடு தெரியாது, படுக்கும்போது மெஷினைக் கழற்றி வைக்க வேண்டும், அதனால் பழையபடி லைட்டை அணைத்துவிட்டுப் பேசுவது இனி நடக்காது. கிசுகிசுப்பும் கஷ்டம், அதில் மெல்லிய மேல் சுருதிகள்தான் இருக்கின்றன. இதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. லைட் எரியும்போதே, மெஷின் காதில் இருக்கும்போதே, டிவியை அணைத்துவிட்டு எதிரெதிரே உட்கார்ந்து அந்த அரை மணி நேரத்தைப் பேசுங்கள். சாப்பாட்டுக்கு முன்பு வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது, இருவருக்கும் அப்போது கொஞ்சம் தெம்பிருக்கும். பேசி முடித்த பிறகு மெஷின் டப்பாவுக்குப் போகட்டும். கணவன் மனைவிக்குள் இருக்கும் நெருக்கத்துக்கும் இதே கதைதான். கழற்றிய பிறகு தொடுகைதான் பேச்சு. இருட்டில் கையைத் தட்டினால் ‘சொல்றேன், லைட் போடுங்க’ என்று அர்த்தம் என்பது மாதிரி இரண்டு பேருக்குள் சைகை வைத்துக்கொண்ட தம்பதிகள் இருக்கிறார்கள்.

மில் வேலையும் உங்கள் உரிமையும்

இதை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் தெரிந்துகொள்ள வேண்டும். சத்தத்தால் வரும் கேள்விக் குறைவு தொழில்சார் நோய். உங்கள் கணவர் வேலை பார்த்த காலத்தில் நடப்பில் இருந்த 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் அட்டவணையிலும் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) சட்டத்தின் அட்டவணையிலும் அது இருந்தது. வரம்பை மீறிய சத்தத்தில் வேலை செய்கிறவர்களுக்கு ஆண்டுக்கொரு முறை செவிப் பரிசோதனை செய்ய வேண்டியது நிர்வாகத்தின் கடமை. உங்கள் கணவருக்கு இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்திருந்தால், நிரந்தர ஊனப் பலன் கேட்டு இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். மருத்துவக் குழு பார்த்துத்தான் முடிவு செய்யும். ஓய்வு பெற்று ஐந்து வருடம் ஆகிவிட்டதால், வயதால் வந்ததா வேலையால் வந்ததா என்ற கேள்வி கட்டாயம் எழும். அதனால் எளிதாகக் கிடைத்துவிடும் என்று நம்பிக்கை கொடுக்க மாட்டேன். ஆடியோகிராமில் 4,000 ஹெர்ட்ஸில் பள்ளம் தெரிந்தால் அது உங்களுக்குச் சாதகமான ஆதாரம். மில்லில் வேலை பார்த்த சான்று, இ.எஸ்.ஐ. எண், தறிக் கூடத்தில் இருந்த வருடங்கள் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. ஐந்து வருடமாவது இ.எஸ்.ஐ.யில் இருந்து வயது முதிர்வில் ஓய்வு பெற்றவர், வருடத்துக்கு 120 ரூபாய் கட்டினால் அவருக்கும் மனைவிக்கும் இ.எஸ்.ஐ. மருத்துவ வசதி தொடரும். ஈஎன்டி பார்ப்பதையும் டெஸ்டையும் கோவை வரதராஜபுரத்தில் இருக்கும் இ.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே தொடங்கலாம்.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டை பற்றி உறவினர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி, இரண்டு காதிலும் பேச்சுச் சுருதிகளில் 60 டெசிபலுக்கு மேல் குறை இருந்தால்தான் அந்த வரையறைக்குள் வரும். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அவருக்கு அவ்வளவு இருக்காது என்று நினைக்கிறேன், டெஸ்ட்தான் சொல்ல வேண்டும். அட்டை கிடைக்காவிட்டாலும், 60 வயது தாண்டிய குறைந்த வருமானக்காரர்களுக்கு மத்திய அரசின் வயோஸ்ரீ திட்டத்தில் காது மெஷின் தருகிறார்கள். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் முகாம் நடக்கும் நாளை விசாரியுங்கள்.

மறதி நோய்

மகன் சொன்னது பாதி உண்மை. 2024இல் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு வெளியிட்ட அறிக்கை, மறதி நோய்க்கான மாற்றக்கூடிய 14 காரணிகளில் கேள்விக் குறைவையும் சேர்த்திருக்கிறது. அதற்காகக் காது கேளாதவர்களுக்கெல்லாம் மறதி நோய் வரும் என்று அர்த்தமில்லை. அமெரிக்காவில் 70 முதல் 84 வயது வரையுள்ள 977 பேரிடம் மூன்று வருடம் நடத்திய ஆய்வு 2023இல் வெளிவந்தது. மொத்தமாகப் பார்த்தபோது மெஷின் போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் நினைவாற்றலில் பெரிய வித்தியாசம் இல்லை. ஏற்கனவே ஆபத்துக் காரணிகள் அதிகம் இருந்தவர்களுக்கு மட்டும் சரிவின் வேகம் 48 சதவீதம் குறைந்தது. டெஸ்டுக்குப் போக இது இன்னொரு நல்ல காரணம். ஆனால் அவரிடம் இதைச் சொல்லிப் பயமுறுத்த வேண்டாம் என்று மகனிடம் சொல்லுங்கள். வெட்கப்பட்டுக்கொண்டிருப்பவருக்குப் பயத்தையும் சேர்த்தால் இன்னும் இறுக்கமாகக் கதவைச் சாத்திக்கொள்வார்.

பெங்களூருக்குப் போகலாமா?

போகலாம், ஆனால் இப்போதே, கோபத்தோடு, எத்தனை நாள் என்று சொல்லாமல் வேண்டாம். அவருக்குப் போன்தான் மிகவும் கஷ்டம். உதடு தெரியாது, சாதாரணப் போன் அழைப்பில் மேல் சுருதி பெரும்பாலும் வெட்டப்பட்டுத்தான் வரும். நீங்கள் தூரத்தில் இருந்தால் உங்கள் பேச்சு அவருக்கு முழுக்கவே நின்றுபோகும், அதை அவர் கைவிட்டதாகத்தான் எடுத்துக்கொள்வார். காலிங் பெல்லும் குக்கர் விசிலும் கேட்காத வீட்டில் அவர் தனியாக இருப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. முதலில் இருவரும் ஈஎன்டி டாக்டரைப் பாருங்கள். தொண்டைக்கு ஓய்வு வேண்டும் என்று டாக்டர் சொன்னால், அதைக் காரணமாகச் சொல்லிப் பத்து நாள் போய்விட்டு வாருங்கள். தினமும் சாயங்காலம் வீடியோ காலில் முகத்தைக் காட்டிப் பேசுங்கள். பக்கத்து வீட்டு அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள், அவர் குரல் உங்கள் கணவருக்கு நன்றாகக் கேட்கிறது. தேவைப்பட்டால் டெஸ்டுக்கு அவரையே கூட வரச் சொல்லலாம்.

எல்லாம் செய்த பிறகும் உங்கள் கணவர் டெஸ்டுக்கே வர மறுத்தால், நீங்கள் மட்டுமாவது ஒரு ஆலோசகரைப் பாருங்கள். அவருடைய சம்மதத்துக்காக உங்கள் உடம்பும் மனசும் காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. அவர் வருவதாக ஒத்துக்கொண்டால், கல்யாணம், கோயில் போன்ற இரைச்சலான இடங்களுக்குப் போன மறுநாள் வேண்டாம், காது களைத்திருக்கும். காலை நேரத்தில் போங்கள். அந்த 4,000 ரூபாய் மெஷினையும் பீரோவிலிருந்து எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். அதைப் போட்டபோது என்ன தொந்தரவு இருந்தது என்பதை அவர் வாயாலேயே நிபுணரிடம் சொல்லட்டும், நீங்கள் குறுக்கே பேச வேண்டாம். அடுத்த மெஷினை எப்படிச் செட் பண்ண வேண்டும் என்பது அதிலிருந்துதான் தெரியவரும். ஆடியோகிராமின் ஒரு நகலைக் கேட்டு வாங்கி, இ.எஸ்.ஐ. தாள்களோடு சேர்த்து வையுங்கள்.